விரலை எடுங்க டாக்டர்

சத்தம்தான் முதலில் வந்தது. ஆள் வரவில்லை.

மழை கொட்டிக்கொண்டிருந்த முற்பகல். மேட்டின் உச்சியில் இருந்த அந்த பைக் ஒர்க் ஷாப்பில், ஒரு செயினை மண்ணெண்ணெயில் ஊறப் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள் அவள். கீழே தெருத் திருப்பத்தில் ஓர் எஞ்சின் ஊஊம்... ஊஊம்... என்று கதறியது. அந்தக் கூச்சலுக்கு வண்டி இந்நேரம் பறந்து வந்திருக்க வேண்டும். காணோம்.

"அக்கா... கிளட்ச் கேஸ் ஒண்ணு வருது."

ஸ்பேர் பார்ட்ஸ் அலமாரியை அடுக்கிக்கொண்டிருந்த அக்கா வாசலை எட்டிப் பார்த்தாள். "எங்கடி? ரோட்டுல ஈ காக்காகூட இல்லையே!"

"காதால பாரு. எஞ்சின் சுத்துது, சக்கரம் சுத்தலை. நடுவுல இருக்கறது வேலை செய்யலை."

அக்காவும் தங்கையுமாகச் சேர்ந்து அந்த ஒர்க் ஷாப்பை ஆரம்பித்து ஆறு வருஷம். சாமான் வாங்குவது, வாடிக்கையாளரைச் சமாளிப்பது அக்கா. வண்டியைப் பிரிப்பது, பூட்டுவது தங்கை. சுற்று வட்டாரத்தில் பாதிப் பேருக்குத் தங்கையின் பெயரே தெரியாது... 'ஸ்பேனர்' என்றால்தான் தெரியும். வண்டி தெருமுனையில் வரும்போதே அதன் நோயைச் சொல்லிவிடுவாள், வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி என்று பெயர்.

மேட்டின் மேல் முதலில் ஒரு ஹெட்லைட் தெரிந்தது. பிறகு தொப்பலாக நனைந்த ஒரு மழைக்கோட்டு. இரண்டு காலையும் தரையில் ஊன்றி ஊன்றி, படகு தள்ளுவது மாதிரி வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒருவன் உள்ளே வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றினான். நெற்றியில் ஒட்டிய முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

அந்தக் கண்கள்...

மழையில் நனைந்தவன் எரிச்சலோடு பார்ப்பான் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். வாய் சிரிக்கவில்லை, கண் மட்டும். 'யாருடா இது, வண்டி நின்னுபோனதுக்குச் சிரிக்கிறான்?' என்று நினைத்தவள், தான் இன்னும் பார்த்துக்கொண்டே இருப்பதை உணர்ந்து சட்டென்று குனிந்து வண்டியைப் பார்த்தாள்.

"கிளட்ச் பிளேட் தேஞ்சுபோச்சு. மாத்திக் குடுத்துடுங்க. வேற ஒண்ணும் பாக்க வேணாம்," என்றான் அவன்.

அவ்வளவுதான். ஸ்பேனருக்குச் சுருக்கென்றது.

"நோயும் நீங்களே சொல்லிட்டீங்க, வைத்தியமும் நீங்களே சொல்லிட்டீங்க... அப்ப நான் எதுக்கு சார்? குடை பிடிக்கவா?"

அக்கா அலமாரிக்குப் பின்னால் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வந்தவனோ இந்த முறை வாய்விட்டே சிரித்துவிட்டான்.

"மன்னிச்சுக்கோங்க! இதே வசனத்தை நான் தினம் பத்துப் பேர்கிட்ட சொல்றேன். இன்னிக்குத்தான் எனக்கே திரும்பி வந்திருக்கு."

"நீங்க என்ன பண்றீங்க?"

"மாட்டு டாக்டர். ஆடு, நாய், குதிரைன்னு எது வந்தாலும் பாப்பேன். ஆனா எல்லாரும் கூப்பிடறது மாட்டு டாக்டர்னுதான்."

கீழ்த்தெருவில் போன வருஷம் வந்த கால்நடை கிளினிக்கைப் பற்றி அவளும் கேள்விப்பட்டிருந்தாள். இவன்தானா அது... வண்டியைச் சுற்றி வந்தாள். பழைய வண்டி. ஐந்து எண்கள் மட்டுமே உள்ள மீட்டர் எண்பத்து மூவாயிரத்தில் நின்றது.

"எண்பத்து மூணாயிரமா? எஞ்சின் சத்தம் அப்படிச் சொல்லலையே..."

"மீட்டர் ஒரு சுத்து முடிஞ்சு மறுபடி ஆரம்பிச்சுது. ஒரு லட்சத்து எண்பத்து மூணாயிரம்," என்றான் அவன். பெற்ற பிள்ளையின் மார்க்கைச் சொல்வது போல ஒரு பெருமை. "மலைப்பக்கம் இருக்கிற பண்ணை எல்லாத்துக்கும் இதுலதான் போறேன்."

அவளுக்கு வண்டியை அன்போடு வைத்திருக்கும் மனிதர்களைப் பிடிக்கும். ஆனால் அதைச் சொல்வாளா?

"கழட்டிப் பாத்தாத்தான் சொல்ல முடியும். நாளைக்கு வாங்க," என்றாள் மொட்டையாக.

மறுநாள் அவன் வந்தபோது கிளட்ச் முழுவதும் ஒரு தட்டில் பிரித்து வைக்கப்பட்டிருந்தது. அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள்.

"கேளுங்க டாக்டர். இந்தப் பிளேட்டெல்லாம் ஸ்பிரிங்கோட அழுத்தத்துல ஒண்ணை ஒண்ணு இறுக்கமாப் பிடிச்சுக்கிட்டிருக்கணும். அப்பதான் எஞ்சினோட பலம் சக்கரத்துக்குப் போகும். நீங்க லீவரைப் பிடிச்சா பிரியும், விட்டா சேரும். இப்போ சரியா சேரலை... வழுக்குது. வழுக்கி வழுக்கிச் சூடாகி, பாருங்க, இரும்புத் தட்டெல்லாம் நீலம் பாய்ஞ்சிருக்கு."

அவன் ஒரு தட்டை வாங்கி மூக்கருகே கொண்டுபோனான். "தீய்ஞ்ச வாசனை."

"மோந்து பாக்கறீங்களே!"

"தொழில் பழக்கம். என்கிட்ட வர்றவங்க யாரும் வாய் திறந்து எங்க வலிக்குதுன்னு சொல்றதில்லையே."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தொடர்ந்தாள். இத்தனை கிலோமீட்டர் ஓடிய வண்டி, ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். பிளேட்டுகளைத் தாங்கும் கூட்டில் பல் பல்லாகத் தேய்மானம் விழுந்திருந்தது, அதையும் அராவி நேராக்கிவிட்டாள். புது பிளேட், புது ஸ்பிரிங், புது கேபிள். எஞ்சின் ஆயிலும் புதிது. அவன் எதிரிலேயே பூட்டி முடித்தாள்.

"இனிமே அம்பதாயிரம் கிலோமீட்டருக்கு நீங்க இந்தப் பக்கமே வர வேணாம்," என்று சாவியை நீட்டினாள்.

"அப்படியா..." என்றான் அவன். அந்தக் கண்ணில் இருந்த சிரிப்பு ஒரு கணம் குறைந்த மாதிரி இருந்தது. வண்டி கிளம்பிப் போய் வளைவில் மறைந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அம்பதாயிரம் கிலோமீட்டர்... அதை ஓட்டி முடிக்க எத்தனை வருஷம் ஆகும்?

"உன் வாயை நீயே தச்சுக்கலாம்டி," என்றாள் அக்கா, அவள் முகத்தைப் பார்த்து.

"எதுக்கு?"

"ஒண்ணுமில்லை. செயின் ஊறினது போதும், எடு."

ஆனால் வருஷம் ஆகவில்லை. இருபத்து நாலே நாள்.

அதே ஊஊம்... ஊஊம்... காதில் விழுந்ததும் அவளுக்கு நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளியது. அடுத்த நொடியே முகம் சுண்டிப்போனது. 'நான் பூட்டின கிளட்ச்... அதுக்குள்ளயா?'

"ஸ்பேனர் கையால பூட்டினது திரும்பி வந்த சரித்திரமே இல்லையே," என்று அக்கா வேறு வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சினாள்.

"நீங்க பாத்த வைத்தியம் பலிக்கலை மேடம்," என்றான் அவன், வண்டியை ஸ்டாண்டில் போட்டபடி. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். சந்தோஷமாகச் சொன்னான்!

திரும்பவும் பிரித்தாள். புது பிளேட், அதுவும் கருகியிருந்தது. லீவரில் இருக்க வேண்டிய தளர்வு சரி. கேபிள் சிக்காமல் ஓடுகிறது. ஆயில் சரி. ஸ்பிரிங்கின் உயரத்தை அளந்தாள், சரி. கூட்டைத் தடவித் தடவிப் பார்த்தாள், விரலில் ஒரு நெருடல் இல்லை. இரண்டு நாள் அந்த வண்டியைச் சுற்றி வந்தாள். சாப்பிடும்போதுகூட விரல் சோற்றில் கிளட்ச் படம் வரைந்தது.

மூன்றாம் நாள் அவனை எதிரே முக்காலியில் உட்கார வைத்தாள். "எப்பலேர்ந்து இந்தத் தொந்தரவு?"

"அடடே... கேஸ் ஹிஸ்டரியா? கேளுங்க, கேளுங்க."

"விளையாடாதீங்க டாக்டர். என் மானம் போகுது."

அவன் விரல் விட்டு எண்ணினான். முதல் ஒரு லட்சத்து எழுபதாயிரத்தில் இரண்டே முறைதான் பிளேட் மாற்றியிருக்கிறான். அதற்குப் பிறகு இந்த ஒரு வருஷத்தில் மட்டும் நாலு.

"போன வருஷம் வண்டியில என்ன மாறுச்சு?"

"வண்டியில ஒண்ணுமே மாறலையே."

உண்மையைத்தான் சொன்னான். இரண்டு பேருக்குமே அது அப்போது புரியவில்லை.

அவள் புது பிளேட்டைப் பூட்டிவிட்டு எழுந்தாள். "நீங்க ஓட்டுங்க. நான் பின்னாடி உக்காந்து பாக்கறேன்."

"பின்... பின்னாடியா?"

"முன்னாடி உக்கார இடமிருக்கா?"

அவன் காது மடல் சிவந்ததை அவள் பார்த்தாள். பார்க்காதது போல ஏறி, பின்பக்கக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியது. அவன் சட்டையில் சோப்பு வாசனை, கொஞ்சம் மருந்து வாசனை, எங்கிருந்தோ கொஞ்சம் வைக்கோல் வாசனை... 'ஏய், நீ கிளட்ச் பாக்க வந்திருக்கே!' என்று தன்னைத் தானே அதட்டிக்கொண்டு, அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள், உட்கார்ந்திருந்தபடியே.

அவன் இடது கை. கட்டை விரலும் சுண்டு விரலும் மட்டும்தான் கைப்பிடியில் இருந்தன. மற்ற மூன்றும் லீவரின் மேல். சும்மா இருக்கவில்லை... லேசாக அழுத்திக்கொண்டே இருந்தன. எதிரே லாரி வந்தால் இன்னும் கொஞ்சம். ஓரத்தில் நாய் நின்றால் இன்னும் கொஞ்சம். கிளட்ச் முழுசாகச் சேரவும் இல்லை, முழுசாகப் பிரியவும் இல்லை. அரைகுறையாக வழுக்கி வழுக்கியே எரிந்துகொண்டிருந்தது!

"கண்டுபிடிச்சுட்டேன்! வண்டியைத் திருப்புங்க!"

ஒர்க் ஷாப் வாசலில் வழக்கமாக வரும் கூரியர்காரரும் இன்னும் இரண்டு வாடிக்கையாளர்களும் காத்திருந்தார்கள். அவள் வண்டியிலிருந்து குதித்தாள். இரண்டு நாள் போயிருந்த மானம் ஒரே நொடியில் திரும்பி வந்த சந்தோஷம் அவளுக்கு. தலை கால் புரியவில்லை.

"அக்கா! வண்டிக்கு ஒண்ணுமே இல்லைக்கா! நோய் ஓட்டறவருக்குத்தான்! இதோ பாரு, டாக்டர் எப்படி ஓட்டறார்னு..." என்று காற்றில் ஒரு கைப்பிடியைப் பிடித்து, மூன்று விரலையும் கோழி இறக்கை மாதிரி படபடவென்று அடித்துக் காட்டினாள். முகத்தையும் பயந்த மாதிரி வைத்துக்கொண்டாள். எல்லோரும் குபீரென்று சிரித்தார்கள்.

அவன் சிரிக்கவில்லை. அந்தக் கண்ணில் முதல் நாளிலிருந்து அவள் பார்த்திருந்த சிரிப்பு, விளக்கை அணைத்தது போலப் போய்விட்டது.

"ஒரு லட்சத்து எண்பத்து மூணாயிரம் கிலோமீட்டர் ஓட்டியிருக்கேன்," என்றான் மெதுவாக. "எனக்கு ஓட்டத் தெரியாதுங்கறீங்க... சரி." ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். "ரொம்ப நன்றி."

வண்டி கீழே இறங்கிப் போனது. கூரியர்காரர்தான் தொண்டையைச் செருமினார்.

"உனக்குத் தெரியாதும்மா... போன வருஷம் பாலத்துக்கிட்ட ஒரு ஆட்டுக்குட்டி குறுக்க ஓடி, அதைக் காப்பாத்தப் போய் மனுஷன் விழுந்துட்டார். இடது மணிக்கட்டு உடைஞ்சு மூணு மாசம் கட்டோட இருந்தார். ஆட்டுக்குட்டிக்கு ஒரு கீறல் இல்லை."

ஸ்பேனரின் கை இன்னும் காற்றில் இருந்தது. மெல்லக் கீழே இறக்கினாள்.

ஒரு வாரம் ஆயிற்று. பத்து நாள் ஆயிற்று. மேட்டுக்குக் கீழே எந்த எஞ்சின் உறுமினாலும் அவள் கை நின்றது. அது அவன் வண்டி இல்லை.

'நான் சொன்னதுல என்ன தப்பு? விரல் அங்கதானே இருந்தது?' என்று ஒரு மனசு சண்டை போட்டது. 'நாலு பேர் முன்னாடி கோழி மாதிரி ஆட்டிக் காட்டினியே, அது?' என்று இன்னொரு மனசு கேட்டது. ஆனாலும் வறட்டு கௌரவம்... இதுவரை யாரிடமும் போய் மன்னிப்புக் கேட்டதில்லையே!

"நீ சொன்னது சரிதான்டி. சொன்ன விதம்தான்..." என்றாள் அக்கா.

"எனக்குத் தெரியாதா? சும்மா இரு."

"தெரிஞ்சா போய்ச் சொல்லு."

"எப்படிப் போறது? 'உங்களைப் பாக்கத்தான் வந்தேன்'னு போய் நிக்கச் சொல்றியா?"

அக்கா டயர் அடுக்கின் மேல் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்த ஒர்க் ஷாப் பூனையை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தங்கையைப் பார்த்தாள். தங்கையும் பூனையைப் பார்த்தாள்.

அரை மணி நேரத்தில் அந்தப் பூனை, எதற்கென்றே தெரியாமல், ஒரு மூடி போட்ட கூடையில் கால்நடை கிளினிக்கின் மேஜை மேல் இருந்தது.

அவன் வெள்ளைக் கோட்டில் இருந்தான். அவளைப் பார்த்ததும் ஒரு கணம் திகைத்தான். "சொல்லுங்க. பூனைக்கு என்ன?"

"அது வந்து... சரியில்லை."

"சாப்பிடுதா?"

"சாப்பிடுது."

"தூங்குதா?"

"நல்லா தூங்குது."

"எலி பிடிக்குதா?"

"நேத்துகூட ரெண்டு..."

அவன் பூனையின் வாயைத் திறந்து பார்த்தான். வயிற்றை அமுக்கிப் பார்த்தான். காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தான். சிரிக்கக் கூடாது என்று அவன் பிடிவாதமாக இருந்தது அவன் உதட்டிலேயே தெரிந்தது.

"பூனைக்கு ஒண்ணுமே இல்லை. நோய் கூட்டிட்டு வந்தவங்களுக்குத்தான்னு நினைக்கிறேன்," என்றான்.

அவள் தலை குனிந்தாள். தரையைப் பார்த்துக்கொண்டே, மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். "நான் அன்னிக்கு எல்லாரும் இருக்கும்போது அப்படிச் செஞ்சிருக்கக் கூடாது. கண்டுபிடிச்ச சந்தோஷத்துல ஆடிட்டேன். நீங்க விழுந்தது எனக்குத் தெரியாது. தெரியலைன்னாலும் தப்புத்தான். மன்னிச்சுடுங்க."

அவன் பூனையைத் தடவிக்கொண்டே பேசினான்.

"அந்த விரல் அங்க இருக்குன்னு எனக்கே தெரியாதுங்க. நீங்க சொன்னப்புறம் இங்க கிளினிக்குக்கு வர்ற வழியில குனிஞ்சு பாத்தேன்... இருந்தது. எடுத்தேன். அடுத்த திருப்பத்துல பாத்தா மறுபடி அங்கேயே இருக்கு. அப்பதான் எனக்குப் புரிஞ்சுது... ஒரு வருஷமா நான் பயந்துக்கிட்டே ஓட்டறேன்னு. கோபம் உங்க மேல இல்லை. மிரண்ட மாட்டுப் பக்கத்துல நான் போய்த் தைரியமா நின்னாத்தான் அது அடங்கும். அப்படிப்பட்ட நான் பயந்தாங்கொள்ளின்னு நாலு பேருக்குத் தெரிஞ்சுபோச்சேன்னு..." நிறுத்தினான். "அன்னிலேர்ந்து வண்டியையே எடுக்கலை. பஸ்லதான் போயிட்டு வர்றேன்."

அவள் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் மேஜை மேல் போன் அடித்தது.

அவன் கேட்டுக்கொண்டிருந்தான். கேட்கக் கேட்க முகம் மாறியது. "எத்தனை நேரமாச்சு? ஒரு கால்தான் தெரியுதா? யாரும் இழுக்காதீங்கம்மா, நான் வர்றேன்."

மலைப்பக்கத்துப் பால் பண்ணை. தலை ஈற்றுப் பசு. கன்றின் முன்னங்கால் ஒன்று உள்ளே மடங்கிக்கொண்டு வெளியே வர முடியாமல் நிற்கிறது. கிளினிக் ஜீப் காலையிலேயே வேறு பக்கம் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் இருக்கிறது.

"அவ்வளவு நேரம் தாங்காது..." என்றான்.

அவள் சுவரில் தொங்கிய வண்டிச் சாவியைப் பார்த்தாள். "நான் ஓட்டறேன். ஏறுங்க."

அவன் சாவியை எடுத்தான். அவளிடம் நீட்டினான். கை பாதி வழியில் நின்றது.

"இல்லை... நானே ஓட்டறேன். நீங்க பின்னாடி வர்றீங்களா?"

"வர்றேன். ஆனா அந்தக் கையைக் கண்கொத்திப் பாம்பு மாதிரி பாத்துக்கிட்டே இருப்பேன், சரியா?"

பூனையைக் கிளினிக் கூண்டில் விட்டுவிட்டு இருவரும் கிளம்பினார்கள். மருந்துப் பை அவள் மடியில். கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் விரல்கள் லீவருக்குப் போய்விட்டன.

"விரலை எடுங்க டாக்டர்!"

எடுத்தான். பாலத்தில் ஒரு லாரி எதிரே வந்தது. விரல் துடித்தது.

"விரல்!"

"தெரியுது, தெரியுது!"

"தெரிஞ்சா எடுங்களேன்! பிரேக் வலது கையில இருக்கு, அதை நம்புங்க!"

மலைப்பாதை ஆரம்பித்தபோது மழையும் ஆரம்பித்தது. முதலில் தூறல், பிறகு சடசடவென்று. ஏற்றத்தில் அவள் காதைத் தீட்டிக்கொண்டு எஞ்சினைக் கேட்டாள். கதறல் இல்லை. எஞ்சின் எவ்வளவு முறுக்குகிறதோ, சக்கரம் அவ்வளவு இழுத்தது. முதல் வளைவில் மூன்று முறை கத்தினாள். இரண்டாவது வளைவில் ஒரு முறை. மூன்றாவது வளைவில் ஒரு மாட்டு வண்டி குறுக்கே திரும்பியது... அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவன் நிதானமாகப் பிரேக் பிடித்தான், அளவாகக் கிளட்சைப் பிடித்தான், வளைந்து போனான், விட்டான். ஐந்து விரலும் கைப்பிடியைச் சுற்றிப் படிந்தன.

அவள் இந்த முறை எதுவும் சொல்லவில்லை. கம்பியைப் பிடித்திருந்த தன் கை எப்போது அவன் தோளுக்கு வந்தது என்று யோசித்தாள். தெரியவில்லை. எடுக்கவும் தோன்றவில்லை.

பண்ணையில் தகரக் கொட்டகை. பால்பண்ணைக்காரம்மா கலங்கிய கண்ணோடு ஓடி வந்தாள். பசு வியர்த்து, தலையைச் சுவரில் சாய்த்து நின்றது. அவன் கையைத் தோள் வரை கழுவிக்கொண்டு அதன் பக்கத்தில் போய் நின்றான். கழுத்தைத் தட்டிக் கொடுத்து ஏதோ பேசினான். லாரியைப் பார்த்து விரல் துடித்த ஆளா இது என்று அவளுக்கு ஆச்சரியம்... அத்தனை அமைதி.

"இந்தப் பொண்ணு யாரு டாக்டர், உங்க அசிஸ்டன்ட்டா?"

"மெக்கானிக்."

"பிரசவத்துக்கு மெக்கானிக்கா!" என்று பால்பண்ணைக்காரம்மா வாயில் கை வைத்தாள்.

அவன் உள்ளே கை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, தடவியே தேடினான். கன்றைப் பின்னால் தள்ளி, மடங்கிய காலின் குளம்பை உள்ளங்கையால் மூடி, கொஞ்சம் கொஞ்சமாக நேராக்கினான். நெற்றியில் நரம்பு புடைத்தது. ஒருவழியாக இரண்டு கால்களும் சேர்ந்து தெரிந்தன. சுருக்குக் கயிற்றை மாட்டி மறுமுனையை அவளிடம் கொடுத்தான்.

"மாடு முக்கும்போது மட்டும் இழுங்க. அது நிறுத்தினா நீங்களும் நிறுத்துங்க. அவசரப்படாதீங்க."

"சரி."

"இப்போ... இழுங்க... போதும். இப்போ... மறுபடி..."

நட்டு போல்ட்டோடு மல்லுக்கட்டிய கைகளால் அவன் சொன்னபடியே இழுத்தாள். ஒரு கணம் எதுவும் நகரவில்லை. அடுத்த கணம் மூக்கு, நெற்றி, தோள்... வழுக்கிக்கொண்டு வைக்கோலில் வந்து விழுந்தது கன்று. அசைவு இல்லை. அவன் மண்டியிட்டு அதன் மூக்கைத் துடைத்தான், ஒரு வைக்கோல் துண்டை நாசியில் விட்டுக் கிச்சுக்கிச்சு மூட்டினான். சாக்கை எடுத்து நெஞ்சைத் தேய்த்தான். "வா... வாடா கண்ணு... வா..."

கன்று தும்மியது.

பால்பண்ணைக்காரம்மா அழுதேவிட்டாள். ஸ்பேனரும் அழுதாள், ஆனால் மழைத்தண்ணீர் என்று சொல்லிக்கொள்ளலாம் போல இருந்தது. பசு திரும்பிக் கன்றை நக்க ஆரம்பித்தது.

"இருங்க, மாட்டுக்குப் பச்சைப் புல் வெட்டிப் போடறேன்," என்று பால்பண்ணைக்காரம்மா கொட்டகைக் கோடியில் இருந்த புல் வெட்டும் மெஷினைப் போட்டாள். கடகடகடவென்று அது போட்ட இரைச்சலில் தகரக் கூரையே அதிர்ந்தது.

இருவரும் தொட்டியடியில் கை கழுவிக்கொண்டு நின்றார்கள். அவன் அவளைப் பார்த்தான். என்னவோ சொன்னான்.

"என்ன?"

மறுபடி சொன்னான். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"கேக்கலை!" என்று அவள் காதைக் காட்டினாள்.

அவன் ஒரு தரம் கண்ணை மூடித் திறந்தான். மலையேறும்போதுகூட அவ்வளவு தைரியத்தை வரவழைத்திருக்க மாட்டான். மூச்சை இழுத்து, தொண்டை கிழியக் கத்தினான்.

"எனக்கு..."

அந்த நொடியில்தான் பால்பண்ணைக்காரம்மா புல் போதும் என்று மெஷினை நிறுத்தினாள்.

"...உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு! கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டேன்!"

கொட்டகை முழுக்க அந்தக் குரல் எதிரொலித்தது. பன்னிரண்டு மாடுகளும் அசைபோடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தன. பால்பண்ணைக்காரம்மாவின் கையில் புல் கட்டு அப்படியே நின்றது.

"எங்களுக்கெல்லாம் நல்லா கேட்டுடுச்சு டாக்டர்," என்றாள் அவள். "அந்தப் பொண்ணுக்குக் கேட்டுதா?"

அவன் காது மடல் மட்டுமல்ல, கழுத்து, நெற்றி எல்லாம் சிவந்து போயிற்று. ஆனால் கண்ணை எடுக்கவில்லை. நின்றான்.

ஸ்பேனருக்கு வாழ்க்கையில் முதல் முறையாக வாயில் வார்த்தை வரவில்லை. எதிரே அவன்... பக்கத்தில் பால்பண்ணைக்காரம்மா... சுற்றிலும் பன்னிரண்டு மாடு. இத்தனை பேர் பார்க்க எப்படிச் சொல்வது? கைத்துணியைத் திருகினாள். பிறகு கிசுகிசுப்பாக, "அம்மா..." என்றாள்.

"சொல்லும்மா."

"அந்த மெஷினைக் கொஞ்சம் போடுங்களேன்..."

"எதுக்கு? புல்லு போதுமே!"

"போடுங்கம்மா. ப்ளீஸ்."

பால்பண்ணைக்காரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஸ்விட்சைத் தட்டினாள். கடகடகட... தகரம் அதிர்ந்தது. ஸ்பேனர் எக்கி, அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, அவன் காதுக்கு வெகு அருகில் வாயைக் கொண்டுபோனாள்.

"எனக்கும் உங்களைத்தான் பிடிச்சிருக்கு. பண்ணிக்கலாம்."

விலகி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன? கேக்கலையே!" என்று கத்தினான் அவன், காதில் கை வைத்து.

பொய். பச்சைப் பொய். அந்தக் கண் அத்தனையும் சிரித்தது. ஆனாலும் அவள் மறுபடியும் எக்கினாள்... இன்னொரு தடவை, நிறுத்தி நிதானமாக, முதலிலிருந்து சொன்னாள்.